முன்கட்டில் மோடம், பின்கட்டில் வைஃபை

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், பாலாற்றை எட்டுவதற்கு முன்னால் வருகிறது ஓரிக்கை. அங்கே பழைய நெசவாளர் வீடு ஒன்றை மனசுக்குள் வரைந்துகொள்ளுங்கள். தெருவைப் பார்த்த திண்ணை. உள்ளே நுழைந்ததும் தறி போட்ட கூடம். அதை ஒட்டி ஓர் அறை, அப்புறம் சமையற்கட்டு, கடைசியில் கொல்லை. அகலம் கம்மி, நீளம் ஜாஸ்தி.

இணையக் கம்பி தெருக் கம்பத்திலிருந்து முன்கட்டுக்குத்தான் வரும். மோடத்தையும் அங்கேயே சுவரில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தறியில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் போனுக்குப் புதுப் புட்டா டிசைன் நொடியில் வந்துவிடும். பின்னறையில் பாட வீடியோவைத் திறந்த உங்களுக்கோ வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "நெட்டு ஸ்லோப்பா!" என்று கத்துவீர்கள்.

உண்மையில் நெட்டு வீட்டு வாசல் வரை வேகமாகத்தான் வந்திருக்கிறது. அங்கிருந்து பின்னறைக்கு வரும் வைஃபைதான் வழியில் களைத்துப் போகிறது. இணையம் வேறு, வைஃபை வேறு. இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சரி, கடைக்குப் போய் இன்னொரு வைஃபை ரூட்டர் வாங்கிப் பின்கட்டில் மாட்டினால் போதாதா? மாட்டலாம். வீடியோ ஓடும். ஆனால் முன்கட்டில் இருக்கும் பிரிண்டரைப் பின்னறைக் கணினி கண்டுபிடிக்காது. சில ஆன்லைன் விளையாட்டுகளில் நண்பனோடு சேர முடியாமல் போகலாம். ஏன் இப்படி ஆகிறது, எப்படிச் சரிசெய்வது என்று பார்ப்போம்.

பெட்டி ஒன்று, வேலை மூன்று

நாம் 'வைஃபை பெட்டி' என்று சொல்வதற்குள் மூன்று கருவிகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது மோடம். வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைக் கணினிக்குப் புரியும் மின் சமிக்ஞையாக மாற்றுவது இதன் வேலை. கண்ணாடி இழை இணைப்பில் இதற்கு ஓ.என்.டி. என்று பெயர், வீட்டில் நாம் மோடம் என்றே சொல்லிக்கொள்வோம்.

இரண்டாவது ரூட்டர். வந்த தகவல் யாருடைய போனுக்கு, யாருடைய கணினிக்கு என்று பிரித்து அனுப்புவது இது.

மூன்றாவது ஆக்சஸ் பாயிண்ட். கம்பியில் வரும் தகவலை ரேடியோ அலையாக்கிக் காற்றில் பரப்புவது, காற்றில் வருவதைக் கம்பிக்குள் சேர்ப்பது இதன் வேலை. வைஃபை என்பது இது மட்டும்தான்.

மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துக் கொடுத்துவிடுவதால் மூன்றும் ஒன்று என்று தோன்றுகிறது. கடையில் வாங்கிய இரண்டாவது பெட்டியிலும் ரூட்டர், ஆக்சஸ் பாயிண்ட் இரண்டும் இருக்கின்றன. ஆக, வீட்டில் இப்போது ரூட்டர்கள் இரண்டு. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

இழைக்குள் ஓடும் ஒளி

முதலில் மோடத்தைப் பார்ப்போம். தெருவிலிருந்து வரும் கம்பிக்குள் இருப்பது கண்ணாடி இழை. அதன் நடுவே ஒளி ஓடும் பகுதியின் குறுக்களவு சுமார் 9 மைக்ரோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கி, அதில் ஒன்பது கூறு! அதைச் சுற்றியுள்ள கண்ணாடி உறையையும் சேர்த்தால் 125 மைக்ரோமீட்டர்.

இந்த இழையில் நம் வீட்டுக்கு வரும் தகவல் பொதுவாக 1490 நானோமீட்டர் அலைநீள ஒளியில் வருகிறது. நாம் அனுப்புவது 1310 நானோமீட்டர் ஒளியில் போகிறது. இரண்டும் வேறு வேறு அலைநீளம் என்பதால் ஒரே இழையில் எதிரெதிராக ஓடினாலும் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. இரண்டுமே அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால்தான் எச்சரிக்கை தேவை: கழற்றிய இழையின் நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. இழையை மடக்கவும் கூடாது. கூர்மையாக வளைத்தால் ஒளி வளைவில் வெளியே கசிந்துவிடும், இணைப்பு அறுந்துபோகும்.

சங்கத்துப் பேரேடு

இப்போது ரூட்டர். காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். பட்டுக் கூட்டுறவுச் சங்கம் உங்களுக்குத் தெரியும். பட்டு நூலும் ஜரிகையும் சங்கத்தில் வாங்கி, வீட்டுத் தறியில் நெய்து, சேலையைச் சங்கத்தில் கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்வார்கள். வெளியூர்க் கடைக்காரருக்குச் சங்கத்தின் முகவரி மட்டுமே தெரியும். எந்தச் சேலை எந்த வீட்டுத் தறிக்கு என்பது சங்கத்துப் பேரேட்டில் இருக்கும். ரூட்டரும் இப்படி ஒரு பேரேடு வைத்திருக்கிறது.

இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் முகவரி உண்டு, ஐ.பி. முகவரி என்பார்கள். பழைய முறையில், அதாவது நான்காம் பதிப்பில், மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகத்தில் மனிதர்களே 800 கோடிக்கு மேல்! ஒரு வீட்டில் போன், கணினி, டிவி என்று நாலைந்து கருவிகள். எப்படிப் போதும்? உலக அளவில் கையிருப்பில் இருந்த கடைசி முகவரித் தொகுதிகளை 2011 பிப்ரவரி 3 அன்று பகிர்ந்து கொடுத்து முடித்துவிட்டார்கள்.

இந்தப் பற்றாக்குறையை முன்கூட்டியே பார்த்தவர்கள் 1996-லேயே ஒரு வழி சொல்லியிருந்தார்கள். 192.168 என்று தொடங்கும் எண்களையும் வேறு சில தொகுதிகளையும் வீட்டுக்குள் புழங்குவதற்கென்று ஒதுக்கினார்கள். உங்கள் வீட்டிலும் 192.168.1.5 இருக்கலாம், பக்கத்து வீட்டிலும் இருக்கலாம். வெளியே போகும்போது ரூட்டர் அதை மாற்றிவிடும்.

எப்படி என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். உங்கள் போனின் உள்முகவரி 192.168.1.5. நீங்கள் ஒரு வலைத்தளத்தைத் திறக்கிறீர்கள். போன் தன் கோரிக்கையில் "192.168.1.5, கதவு எண் 51000" என்று எழுதி அனுப்புகிறது. ரூட்டர் அதை அழித்துவிட்டு, "வீட்டின் வெளிமுகவரி, கதவு எண் 40001" என்று எழுதுகிறது. கையோடு பேரேட்டில் ஒரு வரி: "40001-க்கு வருவது 192.168.1.5-இன் 51000-க்கு." பதில் 40001-க்கு வந்ததும் பேரேட்டைப் பார்த்து உங்கள் போனிடம் சேர்க்கிறது. இதற்கு 'நாட்' என்று பெயர். நொடிக்குப் பல நூறு தடவை நடந்தாலும் ரூட்டர் அசருவதில்லை.

பேரேட்டில் வரியே இல்லாமல் வெளியிலிருந்து ஏதாவது வந்தால்? யாருக்கு என்று தெரியாது. ரூட்டர் அதைக் கைவிட்டுவிடும்.

இனி இரண்டு ரூட்டர் சங்கதிக்கு வருவோம். சங்கத்துக்கும் நெசவாளருக்கும் நடுவில் இன்னொரு சங்கம், அதற்குத் தனிப் பேரேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாகக் கேட்டு வாங்குவது இரண்டு பேரேட்டிலும் பதிவாகி ஒழுங்காக வந்துவிடும். அதனால்தான் வீடியோ ஓடியது. நண்பனின் கணினி உங்களை நேரடியாகத் தேடி வந்தால், பின்கட்டு ரூட்டர் வழிவிடத் தயாராக இருந்தாலும், முன்கட்டுப் பேரேட்டிலேயே நின்றுவிடும். முன்கட்டும் பின்கட்டும் இரண்டு தனி வலையமைப்பாகப் பிரிந்துவிடும். "இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா?" என்று கணினி கேட்கும் பொது அறிவிப்பு ரூட்டரைத் தாண்டாது. இரண்டு பெட்டியும் தங்களுக்கு 192.168.1.1 என்று ஒரே முகவரியை வைத்துக்கொண்டால் குழப்பம் இன்னும் கூடும்.

பேரேட்டை மூடிவிடு!

தீர்வு நேரானது. இரண்டில் ஒன்று பேரேட்டை மூட வேண்டும். முன்கட்டு மோடத்தைப் பார்த்து, "நீ ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றினால் போதும், முகவரி பார்க்கிற வேலை உனக்கு வேண்டாம்" என்று சொல்வதுதான் பிரிட்ஜ் மோட்.

பிரிட்ஜ் முறையில் மோடம் ஐ.பி. முகவரியைத் தொடாது. ஒரு பக்கம் வந்த தகவல் பொட்டலத்தை மாற்றாமல் மறுபக்கம் தள்ளிவிடும். இணைய நிறுவனம் தரும் வெளிமுகவரி நேராகப் பின்கட்டு ரூட்டருக்கு வந்து சேரும். வீட்டுக்கு ஒரே பேரேடு, ஒரே வலையமைப்பு.

பிரிட்ஜ் சாதாரணச் சரக்கில்லை. அதில் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. வலையமைப்பில் எங்காவது வட்டம் விழுந்துவிட்டால், அதாவது ஒரு பொட்டலம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வழி இருந்தால், பொது அறிவிப்புகள் சுற்றிச் சுற்றிப் பெருகி மொத்த வலையமைப்பும் திணறிவிடும். 1985-இல் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்த ராடியா பெர்ல்மன் என்ற கணினி விஞ்ஞானி இதற்கு வழி கண்டார். பிரிட்ஜுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, வட்டம் உண்டாக்கும் வழிகளைத் தாங்களே அடைத்துவிடும் முறை அது. பெரிய அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் இந்த ஏற்பாடு உண்டு. வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் கிடையாது. ஆகவே விளையாட்டாகக்கூட ஒரே கேபிளின் இரண்டு முனைகளையும் ஒரே பெட்டியில் செருகிவிடாதீர்கள்!

சுவரைத் தாண்டும் அலை

மூன்றாவது வேலைக்காரர் ஆக்சஸ் பாயிண்ட். ரேடியோ அலை சுவரைத் தாண்டுமா என்ற கேள்விக்கு நம் நாட்டிலேயே முன்னோடியான விடை கிடைத்தது. 1890-களின் நடுவில் கொல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், மில்லிமீட்டர் அளவுள்ள மின்காந்த அலைகளைச் சுவர் தாண்டி அனுப்பி, தூரத்தில் இருந்த மணியை அடித்துக் காட்டினார்.

இன்றைய வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கிறது. இந்தியாவில் 2.4-ஐ உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005-இல் அரசு அனுமதித்தது. 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதி 2018-இல் திறந்துவிடப்பட்டது. இல்லையென்றால் வீட்டுக்கு வீடு வைஃபைக்கு லைசென்ஸ் எடுத்துக்கொண்டிருப்போம்.

ஒரு கணக்குப் போடுங்கள். ஒளியின் வேகம் நொடிக்கு 30 கோடி மீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 240 கோடி அதிர்வு. வகுத்தால் 0.125 மீட்டர், அதாவது பன்னிரண்டரை சென்டிமீட்டர். இதுதான் ஓர் அலையின் நீளம். 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போட்டால் 6 சென்டிமீட்டர் வரும். 2.4 சுவரை ஓரளவு நன்றாகத் தாண்டும், வேகம் குறைவு. 5 வேகமானது, சுவரில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

எந்தப் பொருளில் எவ்வளவு தேயும்? தறியின் காய்ந்த மரச் சட்டம் அலையை அதிகம் தடுப்பதில்லை. செங்கல் சுவர் கொஞ்சம் விழுங்கும். கருங்கல் இன்னும் அதிகம். ஓரிக்கை மகாபெரியவர் மணிமண்டபத்தைப் போலக் கருங்கல்லால் எழுப்பிய கட்டடத்துக்குள் அலை ரொம்பவே சோர்ந்துவிடும். தண்ணீர்த் தொட்டியும் அலையை உறிஞ்சும். எல்லாவற்றிலும் மோசம் உலோகம். பட்டுச் சேலை அடுக்கிய இரும்பு பீரோவுக்குப் பின்னால் ரூட்டரை ஒளித்துவைத்தால், அது அலையைத் திருப்பி அடித்துவிடும்.

அலையின் பலத்தை டி.பி.எம். என்ற அளவில் சொல்வார்கள். –50 என்றால் அருமை. –67 வரை வீடியோ தடையின்றி ஓடும். –80 என்றால் திண்டாட்டம். இதில் ஒவ்வொரு பத்து எண் இறங்கும்போதும் பலம் பத்தில் ஒன்றாகிறது. –50 இருந்த இடத்தில் –80 ஆனால் பலம் ஆயிரத்தில் ஒன்று!

செய்து பாருங்கள்

ஒன்று: மோடத்துக்குப் பக்கத்தில் நின்று வேகச் சோதனைச் செயலி ஒன்றை ஓட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடம், நடு அறை, சமையற்கட்டு, கொல்லை என்று ஒவ்வோர் இடத்திலும் இதையே செய்து, வீட்டின் வரைபடத்தில் எழுதுங்கள். எங்கே எண் திடீரென்று விழுகிறதோ, அதற்கு முன்னால் என்ன பொருள் இருக்கிறது என்று தேடுங்கள்.

இரண்டு: வீட்டுப் பெரியவரிடம் கேட்டு ஒரு போனின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, வைஃபையில் மட்டும் வீடியோ அழைப்பை ஓடவிடுங்கள். அதை மரப்பெட்டியில் வைத்து மூடுங்கள். பிறகு மண்பானையில், கடைசியாக எவர்சில்வர் சம்படத்தில். எதில் அழைப்பு திக்குகிறது? சம்படத்திலும் அழைப்பு அறுபடாவிட்டால் மூடியின் விளிம்பைப் பாருங்கள். நீளமான இடுக்கு இருந்தால் அலை அதன் வழியே கசிந்துவிடும்.

மாட்டும் முறை

பெரியவர்களோடு சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. மின்சார அடாப்டர்களை மாற்றிச் செருகிவிடக் கூடாது. ஒன்று 9 வோல்ட்டாகவும் இன்னொன்று 12 வோல்ட்டாகவும் இருக்கலாம். அடியில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

1. இணைய நிறுவனத்தைக் கேட்டு உங்கள் இணைப்பின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பி.எஸ்.என்.எல். உட்படப் பல நிறுவனங்கள் பி.பி.பி.ஓ.இ. என்ற முறையில் இவற்றைக் கேட்டுத்தான் உள்ளே விடும். இதுவரை இவற்றைச் சொல்லி இணைந்துகொண்டிருந்தது மோடம். இனி அது ரூட்டரின் பொறுப்பு.

2. மோடத்தைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மோடத்தின் சொந்த வைஃபையையும் அணைத்துவிடலாம்.

3. மோடத்தின் லேன் போர்ட்டிலிருந்து பின்கட்டு வரை லேன் கேபிள் இழுங்கள். அதற்குள் எட்டுக் கம்பிகள் நாலு ஜோடியாக முறுக்கியிருக்கும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் ஜோடியின் இரண்டு கம்பியிலும் ஒரே அளவில் ஏறும். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துவிடும். 100 மீட்டர் வரை இழுக்கலாம். எவ்வளவு நீள வீடாக இருந்தாலும் போதும்.

4. கேபிளின் மறுமுனையை ரூட்டரின் 'வேன்' போர்ட்டில் செருகுங்கள். மற்றத் துளைகளிலிருந்து சற்றுத் தள்ளி, பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும்.

5. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இணைப்பு வகையில் பி.பி.பி.ஓ.இ. தேர்ந்தெடுத்து, எழுதிவைத்த பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுங்கள். அங்கே 1492 என்று ஓர் எண் கண்ணில் படலாம். ஒரு பொட்டலத்தில் 1500 பைட் போகும், பி.பி.பி.ஓ.இ. தன் குறிப்புக்காக 8 பைட் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 1492.

6. வைஃபைக்குப் பெயர் வையுங்கள். பாதுகாப்பு முறையில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3. கடவுச்சொல் 12 எழுத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பிறந்த தேதியும் போன் நம்பரும் வேண்டாம். அமைப்புப் பக்கத்துக்குள் நுழையும் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். பலர் கோட்டைவிடுவது இதில்தான்.

7. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்ற மூன்று சேனல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நம்மூரில் பயன்படும் பதின்மூன்று சேனல்களில் பக்கத்துப் பக்கத்துச் சேனல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்; இந்த மூன்றும் ஒன்றையொன்று தொடாது. பொதுச்சுவர் வீடுகள் வரிசையாக இருக்கும் நெசவாளர் தெருவில் இதைக் கவனித்தாலே வேகம் கூடும்.

நிறுவனம் பிரிட்ஜ் முறை தராவிட்டால் பொறுப்பை மாற்றிக்கொள்ளலாம்: மோடமே பேரேட்டை வைத்துக்கொள்ளட்டும், புதுப் பெட்டி வெறும் ஆக்சஸ் பாயிண்டாக இருக்கட்டும். பல பெட்டிகளில் இதற்கென்று 'ஆக்சஸ் பாயிண்ட் மோட்' உண்டு. இல்லாவிட்டால், புதுப் பெட்டியின் முகவரியை 192.168.1.2 போல மாற்றி, முகவரி வழங்கும் டி.எச்.சி.பி.-யை அணைத்து, மோடத்துக் கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருகுங்கள். இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே கடவுச்சொல், வேறு வேறு சேனல். முன்கட்டிலிருந்து பின்கட்டுக்கு நடந்தால் போன் தானே இடம் மாறிக்கொள்ளும்.

பிரிட்ஜ் செய்தும் ரூட்டரின் வெளிமுகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்ட எண்ணில் தொடங்குகிறதா? நிறுவனமே ஊருக்குப் பொதுவாக ஒரு பெரிய பேரேடு வைத்திருக்கிறது என்று அர்த்தம். முகவரிப் பஞ்சத்தால் 2012-இல் இதற்கென்று ஒதுக்கிய எண்கள் அவை. பஞ்சம் தீர 128 பிட் நீளமுள்ள ஆறாம் பதிப்பு முகவரிகள் வந்துவிட்டன. ரூட்டரில் அதற்கான வசதி இருந்தால் இயக்கிவையுங்கள்.

நெட்டு வரலையா?

அடுத்த முறை நெட்டு நின்றால், மூன்று வேலையையும் வரிசையாக விசாரியுங்கள். மோடத்தில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை. இழையில் கோளாறு, நீங்கள் எதையும் நோண்ட வேண்டாம். 'பான்' விளக்கு பச்சையாக நிலைத்திருந்தால் ஒளி வருகிறது. ரூட்டர் பக்கத்தில் பி.பி.பி.ஓ.இ. இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி, கேபிள் செருகிய கணினியில் நெட்டு வருகிறது, போனில் மட்டும் வரவில்லை என்றால் வைஃபையில்தான் பிரச்சினை.

இதைப் பார்த்துவிட்டு நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். "நெட்டு வரல சார்" என்பதற்குப் பதிலாக, "பான் விளக்கு பச்சையாத்தான் இருக்கு சார், பி.பி.பி.ஓ.இ. தான் கனெக்ட் ஆகல" என்று சொல்லிப் பாருங்கள். "சுவிட்சை அணைத்துப் போடுங்க" என்ற வழக்கமான பதிலைத் தாண்டி, பேச்சு நேராக விஷயத்துக்கு வரும்.